பொருக்கு தட்டிய இடம்

வேலூர் சிறை
16-8-2025

கவிநிலாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை. நான் உள்ளே வந்து பத்து நாளாகிறது. என் மினி வேனை ஓட்டுகிற காசி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டான். கூடப் பிறந்தவள் நீ, சென்னையிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஜெயில் வாசல் அசிங்கம் போலிருக்கிறது.

நான் செய்ததை ஊர்வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இந்தக் கடிதத்தைப் படிக்கிற ஜெயிலர் ஐயாவுக்கும் தெரிந்ததுதான். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தங்கும் சந்தில், மாடியறை எடுத்து 'ஒளி சிகிச்சை' என்று போர்டு மாட்டியிருந்தானே பிரசாத், அவனை அவன் கட்டிலிலேயே குப்புறத் தள்ளி அவன் லுங்கியால் கட்டினேன். உன் அண்ணி சந்திரகலாவின் மார்புக்கு அவன் வைத்த அதே சிவப்பு விளக்கை அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். இருபது நிமிடம். பத்தில் கொப்புளம் கிளம்பியது, பதினைந்தில் வெடித்தது. "அண்ணே, உட்டுடுங்கண்ணே, தண்ணி ஊத்துங்கண்ணே"னு அலறினான். நேரம் முடிந்ததும் விளக்கைப் பிடுங்கி அவன் வாயிலேயே உடைத்தேன். நாலு பல் போயிற்று என்கிறார்கள். என்னைக் கேட்டால் கம்மி.

ஆனால் இதை ஆரம்பித்து வைத்தது பிரசாத் இல்லை. நீ. ஜனவரியில் என் மகள் ஓவியாவின் மஞ்சள் நீராட்டுக்கு வந்தாயே, பந்தியில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ காட்டினாய். எலி முதுகில் கட்டி. தங்கத்தூளை ஊசியில் ஏற்றி, வெளிச்சம் அடித்தால் தூள் சூடாகிக் கட்டி வெந்துவிடும் என்றாய். கருப்பாகப் பொருக்கு தட்டியது, உதிர்ந்தது, எலி ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே சந்திரகலாவின் மார்பில் கட்டி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். மூன்று முறை வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாளே, அதற்கு அதுதான் காரணம்.

அந்த வீடியோவை நான்தான் பிரசாத்துக்கு அனுப்பினேன். "இதேதான் நான் பண்றதும்"னு சொன்னான். அவரவர் உடம்பில் கிடந்த தங்கம்தான் அவரவர் உடம்புக்கு ஒட்டும் என்று கேட்டான். உன் அண்ணி தோட்டைக் கழட்டிக் கொடுத்தாள். அதை ராவிப் பாலில் கலக்கிக் குடிக்க வைத்தான். நாலு மாதம் விளக்கு. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி விளக்கை வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனான். இவள் மயங்கி விளக்கு மேலேயே சாய்ந்துவிட்டாள்.

இப்போது வீட்டில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாளாம். பிரசாத் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை, உன் மேல்தான். நீ விதைத்த நம்பிக்கையை நீயே போய்ப் பிடுங்கு. அவளை ஆபரேஷனுக்குக் கொண்டு போய்ச் சேர். அவள் செத்தால் அந்தச் சாவு உன் தலையில்தான்.

ராஜேந்திரன்

* * *

அடி அண்ணாமலை
23-8-2025

அண்ணா,

நீ எழுதுவதற்கு முன்பே நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். உன் கடிதத்தைச் சென்னையிலிருந்து தோழி அனுப்பி வைத்தாள். உன்னைப் பார்க்க வராததற்குக் காரணம் அசிங்கம் இல்லை, கோபம். பன்னிரண்டாவது முடித்துக் காலேஜுக்குப் போவேன் என்றதற்கு நீ அறைந்து கிழித்த என் உதட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்படி அறைந்த நீயே என்னைப் பந்தியில் நிறுத்தி, "எங்க வீட்டு சயின்டிஸ்ட்"னு ஊருக்கு அறிமுகம் செய்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தான் அன்றைக்கு ஜாஸ்தி பேசினேன்.

ஆனால் நான் சொல்லாததை என் தலையில் கட்டாதே. அந்தத் துகள் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்க்க முடியாது. ரத்தத்தில் ஏற்றினால் கட்டியில் போய்த் தங்கும். அதற்கென்று அளந்த ஒரு ஒளி, சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்கே தெரியாதது, அதை அடித்தால் துகள் மட்டும் கொதித்துக் கட்டியை வேகவைக்கும். சுற்றியிருக்கும் சதை பிழைக்கும். தோட்டை ராவிக் குடித்தால் அது மறுநாள் மலத்தில் போய்விடும். பிரசாத்தின் விளக்கு சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்கிற விளக்கு. அது வேகவைத்தது அண்ணியை, கட்டியை இல்லை. மனிதர்களுக்கு இது உலகத்தில் ஒரு சில இடங்களில் சோதனையாக மட்டும்தான் நடக்கிறது என்று அன்றைக்கே சொன்னேன். பாயசம் வந்துவிட்டது, யார் காதிலும் விழவில்லை.

அண்ணி இரண்டு நாள் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டுப் புடவையை விலக்கிக் காட்டினார்கள். அண்ணா, நான் தினமும் வெந்த சதையைப் பார்க்கிறவள். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாகத் தோல் இறுகியிருக்கிறது. ஓரத்தில் சீழ். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "பாத்தியா கவி, உன் எலிக்கு வந்த மாதிரியே பொருக்கு தட்டிடுச்சு. இன்னும் நாலு நாள்ல உதுந்துடும்."

அந்தப் பொருக்குக்குக் கீழே விரலை வைத்தேன். கட்டி கல்லாக இருக்கிறது.

கவிநிலா

* * *

வேலூர் சிறை
30-8-2025

கவி,

உதட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?

இங்கே என் பக்கத்தில் படுக்கிறவன் கொலைக் கேஸ். அவனிடம் உன் எலிக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்: "அண்ணே, அந்த எலி இப்ப எங்க இருக்குது?" எட்டு மாதமாக நம் வீட்டில் ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை பார். நீ சொல். எலி எங்கே? கூண்டில் தின்றுகொண்டிருக்கிறதா?

இன்னொன்றும் சொல்கிறேன். பிரசாத் முதுகில் விளக்கை வைத்துவிட்டு அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணினேன். அப்போது உன் ஞாபகம் வந்தது. நீயும் இப்படித்தானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். நீ பட்டம் வாங்குவதற்காகச் செய்கிறாய், நான் ஆத்திரத்தில் செய்தேன். மற்றபடி நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

அவள் கிளம்பினாளா இல்லையா? அதை எழுது.

ராஜேந்திரன்

* * *

சென்னை
10-9-2025

அண்ணா,

எலி செத்துவிட்டது. நான்தான் கொன்றேன்.

ஒளி அடித்த பதினெட்டாம் நாள் காலை, கழுத்தை அழுத்திப் பிடித்து வாலை ஓர் இழுப்பு இழுத்தேன். பிறகு அறுத்து ஈரலையும் மண்ணீரலையும் எடுத்துத் துகள் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தேன். எல்லா எலிக்கும் முடிவு அதுதான். பன்னிரண்டு எலிகளில் மூன்று அதுவரைக்கும் இருக்கவில்லை, ஒளியின் கீழேயே வயிறு வெந்து செத்தன. நான் பந்தியில் காட்டியது பன்னிரண்டில் நன்றாக வந்த ஒன்றை. அதிலும் அது துடித்த பகுதியை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தேன். சாப்பாட்டு நேரம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. உன் முன்னால் ஒரு தடவையாவது ஜெயித்து நிற்க வேண்டும் என்று இருந்தது.

வெட்டாத வீடியோவை அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன், செத்த மூன்றையும் சேர்த்து. இரண்டு முறை பார்த்தார்கள். "அப்ப நல்லா வந்ததையும் நீயே கொன்னுட்டியா?" என்றார்கள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த தோசைக்கரண்டியை எடுத்து என் முகத்தில் அடித்தார்கள். புருவம் கிழிந்தது. "என் தோட்டைக் குடிச்சேன்டி நான், உன்னை நம்பிக் குடிச்சேன்டி" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். நான் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். ஆனால் மூன்றாவது அடியில் உன் ரத்தம் எனக்குள்ளும் எழுந்துவிட்டது. வெந்த மார்போடு நிற்கிற பெண்ணை ஓங்கி அறைந்தேன் அண்ணா. கீழே விழுந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். கடித்தார்கள். ஓவியா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தை, உட்டுடு அத்தை"னு அழுதாள். விடவில்லை.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டோம் என்று போலீஸ் மறித்துவிட்டது. காசி வேனைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். நானும் அவனும் அண்ணியை ஆளுக்கொரு கையைப் பிடித்து, நடந்து வந்த ஜனத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டு போனோம். சாமி வந்தவர்கள் என்று நினைத்து ஓர் அம்மா அண்ணி நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். அண்ணி அவர்களையும் உதைத்தார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். புண் கொஞ்சம் அடங்கியதும் மார்பை எடுக்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்கிறார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி குறித்திருக்கிறார்கள். அண்ணி கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்.

என் பேராசிரியரிடம் வீடியோவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதையே போலீஸுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் ஆராய்ச்சி என்ன ஆகும் என்று தெரியாது.

கவிநிலா

* * *

வேலூர் சிறை
17-9-2025

ஏய்,

படித்தவள் என்று உன்னைத் தலையில் தூக்கி வைத்தேன். உன் மானத்துக்காக எலியின் சாவை மறைத்தாயா? என் பெண்டாட்டியை அறைந்தாயா? இழுத்தாயா?

(இங்கே இரண்டு வரிகள் சிறை அதிகாரியால் கருப்பு மை பூசி அழிக்கப்பட்டிருக்கின்றன.)

கையெழுத்துப் போடச் சொல். எலிக் கதையெல்லாம் தெரிந்த பிறகும் ஏன் மறுக்கிறாள்? இன்னும் என்ன பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறாய்? எப்படியாவது போட வை. இங்கே சுவரில் தலையை முட்டிக்கொள்கிறேன். போன வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தன் கையை முறித்துவிட்டேன். தட்டு என் மேல் பட்டது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ராஜேந்திரன்

* * *

சென்னை
22-9-2025

அண்ணா,

அழித்த இரண்டு வரியில் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் என்னைக் கொல்வாய். வா. ஆனால் அதற்கு முன் இதைப் படி.

ஏன் மறுக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். நேற்று அண்ணி சொன்னார்கள். நானும் இத்தனை நாள் என் வீடியோதான் அவர்களைத் தடுக்கிறது என்று நினைத்து என்னையே தின்றுகொண்டிருந்தேன். வீடியோ இல்லை. பிரசாத்தும் இல்லை.

மார்ச் மாதம் கட்டி வெளியே தெரிந்ததும் நீதானே அண்ணியைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய்? அதை எனக்கு ஒரு கடிதத்திலும் நீ எழுதவில்லை. அந்த டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், மார்பை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. திரும்பி வரும்போது வேனில் நீ என்ன சொன்னாய்? ஞாபகம் இருக்கிறதா? "அத அறுத்து எடுத்துட்டா அப்புறம் நீ எதுக்குடி எனக்கு?" பின் சீட்டில் ஓவியா உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

கத்தி இல்லாமல் கட்டி போக வேண்டும் என்று அண்ணி ஏன் என் எலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இப்போது புரிகிறது. பிரசாத்தின் அறைக்கு ஏன் வாய் திறக்காமல் நாலு மாதம் போனார்கள் என்றும், வெந்தபோதும் ஏன் கத்தவில்லை என்றும் புரிகிறது. மயக்கம் போடும் வரைக்கும் அவர்கள் நகரவே இல்லையாம். "அவருக்கு நான் முழுசா வேணும்ல" என்றார்கள். இதைச் சொல்லும்போது அழக்கூட இல்லை.

என் குற்றத்தை நான் சொல்லிவிட்டேன். பிரசாத்தின் முதுகை வேகவைத்தாயே, உன் நாக்கை எந்த விளக்கில் வைப்பது? ஒரு தப்பும் செய்யாத மாதிரி எனக்குக் கட்டளை எழுதிக்கொண்டிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அண்ணிக்கு எழுது. எனக்கு இல்லை, அண்ணிக்கு. அந்த ஒரு வாக்கியத்தை நீ போட்டாய், நீயே எடு.

கவிநிலா

* * *

வேலூர் சிறை
28-9-2025

கவி, உள்ளே இருப்பதை அவளிடம் படித்துக் காட்டு.

சந்திரா,

நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இன்றைக்கும் கிழித்தால் தேதி போய்விடும் என்று இதை அனுப்புகிறேன்.

சொன்னேன். வேனில் அதைச் சொன்னது நான்தான். நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்குக் காதில் விழவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த டாக்டர் பேசியதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ செத்துவிடுவாய் என்று பயம். பயம் வந்தால் எனக்குக் கை ஓங்கும், இல்லாவிட்டால் வாயில் அசிங்கம் வரும். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கவியின் உதட்டைக் கிழித்ததும் அவள் ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில்தான்.

பிரசாத்தை அடிக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் அவனால்தான், அவனால்தான் என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். இப்போது யோசித்தால் என்னை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் அவனை அடித்திருக்கிறேன்.

அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரு மார்போ, இரண்டோ, ஒன்றுமே இல்லையோ, நீ வீட்டில் நடமாடினால் போதும். என்னோடு பேசாவிட்டாலும் சரி. தயவு செய்து கையெழுத்துப் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இதுவரைக்கும் நான் யார் காலிலும் விழுந்ததில்லை.

உன்
ராஜேந்திரன்

* * *

சென்னை
7-10-2025

அண்ணா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அண்ணி அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உனக்காகக் காத்திருக்கவில்லை.

முப்பதாம் தேதி புண்ணைச் சுத்தம் செய்தார்கள். செத்த சதையைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மரத்துப் போக ஊசி போட்டும் முழுக்கக் கேட்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தார்கள். அந்தப் பொருக்கு முழுசாக வந்ததும் குனிந்து பார்த்தார்கள். கட்டி அப்படியே இருந்தது. கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இவ்ளோ எரிச்சும் இது சாவல பாரு கவி. நான்தான் வெந்திருக்கேன். இது சாவணும். பேனாவக் குடு." ஒரே இழுப்பில் போட்டார்கள். பேப்பர் கிழிந்து வேறு பேப்பர் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் தேதி மார்பை எடுத்தாயிற்று. அக்குள் நிணநீர் முடிச்சுகளிலும் புற்றுநோய் பரவியிருக்கிறது. ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். பிழைப்பார்களா என்று கேட்டேன். மார்ச்சில் வந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். இன்னொரு முறை படி என்றார்கள். முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. இத அவருக்கே திருப்பி அனுப்பிடு. வேன்ல வாயாலதான சொன்னாரு, காயிதத்துல வந்து எடுத்துக்கிட்டா ஆச்சா? வெளிய வரட்டும். நான் ஜாக்கெட்டக் கழட்டிட்டு எதுருல நிக்கிறேன். தையலப் பாத்துக்கிட்டே, கண்ண வேற எங்கயும் திருப்பாம, இதே வார்த்தைய வாயால சொல்லட்டும். ஓவியாவும் பக்கத்துல இருக்கட்டும். பாதியில முகத்தத் திருப்பினாருன்னா அப்படியே போயிடச் சொல்லு."

ஜாமீன் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். உன் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துகொண்டு வா.

கவிநிலா